வளர்ப்பு நாயும் பொது இடமும்: கயிறு விதி என்றால் என்ன?

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் சாப்பாடு பற்றிக் கேட்பார்கள், தடுப்பூசி பற்றிக் கேட்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டலாம் என்று கேட்பார்கள். தெருவில் அழைத்துப் போவதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. விதி இருக்கிறது. ஊருக்கு ஊர் அது கொஞ்சம் மாறும் என்பதால் சென்னையை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். கோவையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் அடிப்படையை இதிலிருந்து தெரிந்துகொண்டு, கட்டணம், அபராதம் போன்றவற்றைத் தங்கள் மாநகராட்சியில் கேட்டுக்கொள்ளலாம்.

விதியின் சாரம் இதுதான். வீட்டு வாசலைத் தாண்டிப் பொது இடத்துக்கு வரும் வளர்ப்பு நாய், அதைச் சமாளிக்கக்கூடிய ஒருவரின் கையில், கயிற்றோடு இருக்க வேண்டும். பொது இடம் என்பது சாலை, நடைபாதை, பூங்கா, கடற்கரை, பேருந்து நிலையம், கடைத்தெரு என்று எல்லாரும் புழங்கும் இடம். கயிறு என்பது கழுத்துப் பட்டையிலோ உடம்பில் மாட்டும் ஹார்னஸிலோ கோத்த நைலான் கயிறோ, தோல் வாரோ, சங்கிலியோ எதுவானாலும் சரி. இந்த இரண்டையும் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். "சமாளிக்கக்கூடிய ஒருவர்" என்ற பகுதிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. முப்பது கிலோ லேப்ரடாரின் கயிற்றை மூன்றாம் வகுப்புப் பையன் கையில் கொடுத்து அனுப்பினால், பார்ப்பதற்குக் கயிறு இருக்கும், கட்டுப்பாடு இருக்காது. ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும், பையனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். கயிறு தரையில் இழுபட நாய் முன்னால் போக, உரிமையாளர் போனில் பேசிக்கொண்டு பின்னால் வருவதும் இதே கணக்குதான்.

நம் ஊரில் இந்த விதி மோதுவது ஒரு பழைய பழக்கத்தோடு. காலையில் எழுந்ததும் கேட்டைத் திறந்துவிடுவது. "ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தானாக வந்துவிடும், புத்திசாலி" என்று பெருமையாகச் சொல்வார்கள். கிராமத்தில், வீடுகள் தள்ளித் தள்ளி இருந்த காலத்தில், அது ஓரளவு நடந்தது. இன்றைக்குப் புறநகர்த் தெருவில்கூடப் பள்ளி வேன், தண்ணீர் லாரி, டெலிவரி பைக் என்று காலை ஆறு மணிக்கே போக்குவரத்து ஆரம்பித்துவிடுகிறது. அவிழ்த்துவிட்ட நாய் பைக்கைத் துரத்தினால் விழுகிறவர் ஓட்டுபவர். அந்த நாய்க்கும் நல்லதில்லை. வண்டியில் அடிபடும், தெருநாய்களோடு சண்டை போட்டுக் காதைக் கிழித்துக்கொள்ளும், கருத்தடை செய்யாததாக இருந்தால் யார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலோ ஆறு குட்டி பிறக்கும். அந்தக் குட்டிகள்தான் அடுத்த ஆண்டு "தெருநாய்த் தொல்லை" என்ற பேச்சில் வந்து நிற்கின்றன. தெருநாய்ப் பெருக்கத்தைப் பற்றி மாநகராட்சியைக் கேள்வி கேட்கிற உரிமை நமக்கு உண்டு. நம் வீட்டுக் கேட்டும் அதில் ஒரு பங்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்தது, எல்லாத் தெருவிலும் கேட்கும் அந்த வசனம்: "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது." சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் எதிரே வருபவருக்கு அந்த நாயைத் தெரியாது. சின்ன வயதில் கடி வாங்கியவராக இருக்கலாம், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து கைத்தடியோடு நடக்கும் பெரியவராக இருக்கலாம். நாய் விளையாட்டாக முன்காலைத் தூக்கி மேலே வைத்தாலே அவர் விழுந்துவிடுவார். பயந்த குழந்தை நடைபாதையிலிருந்து சாலைக்கு ஓடும். கடிக்காமலேயே இவ்வளவும் நடக்கும். கயிறு விதி இருப்பது, நாய் கெட்டது என்பதால் அல்ல. முன்பின் தெரியாத ஒரு நாயை நம்பித்தான் தெருவில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இருக்கக் கூடாது என்பதால்.

சட்டத்தில் இது எங்கே இருக்கிறது?

சென்னையில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது 2024 மே மாதத்தில். ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்கா. அங்கே காவலாளியாக இருந்தவரின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்களின் கழுத்தில் கயிறு இல்லை. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அதற்கு முன்பும் சென்னையில் நாய்க்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி இருந்தது, ஆனால் அதைக் கண்டுகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மாநகராட்சி உரிமம், கயிறு, கடிக்காமலிருக்க நாயின் வாயில் மாட்டும் வாய்மூடி மூன்றையும் வலியுறுத்த ஆரம்பித்தது. மக்களும் உரிமத்துக்கு வரிசையாக விண்ணப்பித்தார்கள்.

உரிமம் வாங்குவது பெரிய வேலை இல்லை. மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், 2025-இல் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்கான சான்று வேண்டும். 2025 இறுதியில் மாநகராட்சி இன்னும் ஒரு படி மேலே போய், நாயின் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் பொருத்துவதையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. மைக்ரோசிப் என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். அது ஒரு அரிசி அளவு இருக்கும், ஊசி மூலம் உள்ளே போகும். கருவியை வைத்துப் பார்த்தால் ஒரு எண் தெரியும், அவ்வளவுதான். நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் வேலையை அது செய்யாது. ஆனால் தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிப்போன நாய் யாருடையது என்று கண்டுபிடிக்க அந்த எண் உதவும்.

பிட்புல், ராட்வைலர் இரண்டு இனங்களுக்கும் புது உரிமம் கொடுப்பதில்லை என்று 2025 டிசம்பரில் மாநகராட்சி முடிவெடுத்தது. ஏற்கெனவே உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் வெளியே அழைத்து வந்தால் கயிறும் வாய்மூடியும் கட்டாயம். மீறினால் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று தீர்மானமானது. இதற்கு முன், 2024 மார்ச்சில், 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசின் கால்நடைத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியதும், அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் நினைவிருக்கலாம். இனம் பார்த்துத் தடை போடுவது சரியா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. என் கருத்தைக் கேட்டால், இனத்தைவிட வளர்ப்பவரின் பொறுப்பைப் பார்க்கும் விதிதான் நெடுங்காலம் நிற்கும். பொமரேனியனும் கடிக்கும். ஆனால் ராட்வைலர் கடித்தால் விளைவு வேறு என்பதையும் மறுக்க முடியாது, அதனால் பெரிய நாய்களுக்குக் கூடுதல் நிபந்தனை வைப்பதில் தவறில்லை.

இவையெல்லாம் மாநகராட்சி அளவில். இதற்கு மேலே நாடு முழுவதற்குமான குற்றவியல் சட்டம் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்யாமல் விட்டால், ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதுவே 289-ஆம் பிரிவாக இருந்தது, அபராதம் 1,000 ரூபாய் வரை. இதில் கவனிக்க வேண்டியது, பிரிவு பேசுவது "ஏற்பாடு செய்யாமல் விட்டதை". நாய் கடித்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. உங்கள் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ கயிறு பற்றித் தனி விதி இல்லாவிட்டாலும் இந்தப் பிரிவு உங்களுக்கும் பொருந்தும்.

வீட்டில் கட்டிப் போடுவது இந்த விதியில் சேராது

கயிறு விதியைக் கேட்டதும் சிலர், "அப்போ நாள் பூரா கட்டியே வெச்சிடறோம்" என்கிறார்கள். இது தலைகீழான புரிதல். வெளியே அழைத்துப் போகும்போது கயிறு வேண்டும் என்கிற அதே நாட்டில், நாயை வீட்டில் கட்டியே வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில், நியாயமற்ற நேரம் விலங்கைக் கட்டி வைத்திருப்பது அதன்படி வதை. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதும் அதே பிரிவில் குற்றம். அதாவது வாக்கிங் கூட்டிப் போவது உரிமையாளரின் தயவு இல்லை, கடமை. மாடிப்படிக்குக் கீழே இரண்டடிச் சங்கிலியில் வருடக்கணக்காகக் கிடக்கும் ராஜபாளையம் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அது. அப்படிக் கிடக்கும் நாய்தான் ஒருநாள் கழற்றிக்கொண்டால் முதலில் கண்ணில் பட்டவர் மேல் பாய்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பு

லிஃப்டும் வராந்தாவும் மாநகராட்சிச் சாலை அல்ல, குடியிருப்போரின் பொதுச் சொத்து. அங்கே சங்கங்கள் போடும் விதிகளுக்கு ஒரு எல்லை உண்டு. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சங்கம் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது, பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் முடியாது. லிஃப்டில் ஏறக் கூடாது என்றும் சொல்ல முடியாது. அதே சமயம், பொதுப் பகுதியில் நாயைக் கயிற்றோடு அழைத்து வரும்படி உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். நாய் கழித்ததை அள்ளிப் போடும்படியும் கேட்கலாம். இந்த இடத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது: வழிகாட்டுதலை அச்சடித்துக்கொண்டு போய்ச் செயலாளரிடம் சண்டை போடுவதற்கு முன், லிஃப்டில் யாராவது குழந்தையோடு நின்றால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். கயிற்றைச் சுருக்கி நாயைச் சுவர்ப்பக்கம் நிறுத்துங்கள். பாதிப் புகார்கள் கூட்டத்துக்கு வராமலே தீரும்.

மற்ற ஊர்களில் விதியை எப்படி எழுதியிருக்கிறார்கள்

நியூயார்க்கில் பொது இடத்தில் கயிறு ஆறு அடிக்கு மேல் நீளக் கூடாது. ஆனால் அங்கே ஒரு வசதி செய்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சில பூங்காக்களின் குறிப்பிட்ட பகுதிகளில், பூங்கா திறந்ததிலிருந்து காலை 9 மணி வரையும், இரவு 9 மணியிலிருந்து பூங்கா மூடும் வரையும் நாயை அவிழ்த்துவிடலாம். உரிமமும் தடுப்பூசியும் இருக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்துக்குள் நாய் எந்த நேரமும் வரக் கூடாது. இது நல்ல யோசனை. நாய் ஓடத்தான் வேண்டும், மனிதர்கள் பயமில்லாமல் நடக்கத்தான் வேண்டும், இரண்டுக்கும் நேரத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். வேலி போட்டு நாய்களுக்கென்றே ஒதுக்கிய திடல்களும் அங்கே உண்டு. நம் மாநகராட்சிப் பூங்காக்களில் ஒரு மூலையை இப்படி ஒதுக்கினால், கயிறு விதியை மக்கள் இன்னும் மனமுவந்து கடைப்பிடிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

இங்கிலாந்தில் எனக்குப் பிடித்த விதி வேறு மாதிரி. அங்கே பொதுமக்கள் சுற்றித் திரிய உரிமையுள்ள திறந்தவெளி நிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் அழைத்துப் போக வேண்டும். காரணம், அது தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வருவது நம் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. 1988-லிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவு முழுக்கக் கரையோரம் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். குஞ்சு வெளிவர ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். அவர்கள் கண்ணில் படாமல் போகும் குழிகளுக்குப் பெரிய எதிரி நாய். மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். கடலை நோக்கி ஊர்ந்து போகும் குஞ்சுகளையும் விட்டுவைக்காது. பெரும்பாலும் தெருநாய்கள்தான் என்றாலும், விடியற்காலையில் கடற்கரையில் அவிழ்த்துவிட்ட வீட்டு நாய்க்கும் மூக்கு அதே மூக்குதான். இந்த மாதங்களில் கடற்கரைக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் கயிற்றைக் கழற்றவே வேண்டாம்.

எந்தக் கயிறு, எப்படிப் பிடிப்பது

ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை நீளமுள்ள சாதாரண நைலான் கயிறு போதும். பொத்தானை அழுத்தினால் ஐந்து மீட்டர் வரை நீண்டு சுருங்கும் கயிறு இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சந்தடியான தெருவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருபது அடித் தெருவில் ஐந்து மீட்டர் என்றால் நாய் எதிர்ப்புறச் சுவரில் நிற்கும், மெல்லிய கயிறு தெருவுக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும், பைக் வரும். கைப்பிடி நழுவிக் கீழே விழுந்தால் அது தடதடவென்று பின்னாலேயே வர, நாய் இன்னும் மிரண்டு ஓடும்.

கயிற்றின் வளையத்துக்குள் கையை விட்டு, மணிக்கட்டில் தங்கவைத்து, மிச்சத்தை உள்ளங்கையில் பிடியுங்கள். விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள், நாய் வெடுக்கென்று இழுத்தால் விரல் மடங்கிவிடும். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான வேட்டை நாய் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் தலை கழுத்தைவிடக் குறுகல். நாய் பின்னால் நகர்ந்து தலையைக் குனிந்து ஒரு உதறு உதறினால் சாதாரணப் பட்டை காது வழியாகக் கழன்று வந்துவிடும். அப்புறம் அதை ஓடிப் பிடிக்க மனிதரால் ஆகாது. இழுக்கும்போது தானாக இறுகும் அகலப் பட்டையோ, நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸோ வாங்குங்கள்.

வாய்மூடியில் ஒரு எச்சரிக்கை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடியை மாட்டிச் சென்னை வெயிலில் நடத்தினால் உயிருக்கே ஆபத்து. கூண்டு மாதிரி இருக்கும் வாய்மூடிதான் சரி, அதற்குள் வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். முதல்நாளே மாட்டி வெளியே இழுத்துப் போகாமல், வீட்டில் சில நாள் உள்ளே தின்பண்டம் வைத்துப் பழக்குங்கள்.

தெருநாய்கள் வந்தால் என்ன செய்வது என்பதுதான் எல்லாரும் கேட்பது. நியாயமான கேள்வி, ஏனென்றால் கயிற்றில் இருக்கும் நாயால் தப்பி ஓட முடியாது. தெருநாய்கள் தங்கள் எல்லைக்குள் வந்த புது ஆளை விரட்டவே குரைக்கின்றன. ஓடாதீர்கள். கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், ஆனால் விறைப்பாக மேலே இழுத்துப் பிடிக்காதீர்கள். கயிறு விறைத்தால் உங்கள் நாயின் உடம்பும் விறைக்கும், எதிரே இருப்பவை அதைச் சண்டைக்கு அழைப்பாகப் பார்க்கும். நடுவில் நீங்கள் வரும்படி திரும்பி, நிதானமாக வந்த வழியே போங்கள். தினமும் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் போனால் பெரும்பாலான கூட்டங்கள் சில வாரங்களில் பழகிவிடும். அப்படியும் விரட்டும் தெரு என்றால் வேறு வழியில் போங்கள்.

கடித்துவிட்டால்

யாருடைய நாய், தடுப்பூசி போட்டதா என்ற விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுவார்கள். அடுத்தடுத்த தவணைகளை விட்டுவிடக் கூடாது. நாயின் உரிமையாளர் தடுப்பூசிச் சான்றைக் காட்ட வேண்டும், மருத்துவருக்கு அது உதவும். மறைந்துகொள்வதும், "நீங்கதான் சீண்டியிருப்பீங்க" என்று வாதாடுவதும் கடிபட்டவரின் நேரத்தை வீணாக்கும்.

பக்கத்து வீட்டு நாய் தினமும் அவிழ்த்துவிடப்படுகிறது என்றால், முதலில் உரிமையாளரிடம் நேராகப் பேசுங்கள். கேட்காவிட்டால் சென்னையில் 1913 என்ற எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் சொல்லலாம். நாள், நேரம், இடம் குறித்து வைத்துக்கொண்டு, முடிந்தால் படமும் எடுத்து வைத்தால் புகாருக்கு வலு இருக்கும். காயம் பட்டிருந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மருத்துவமனைச் சீட்டின் நகலையும் இணையுங்கள். கடித்தது யாருக்கும் சொந்தமில்லாத தெருநாய் என்றால் கயிறு விதி பொருந்தாது. அதற்கு 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போடும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பினுடையது. அதற்கும் அதே 1913-க்கே அழைக்கலாம்.